மேடையில் ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளலாமா, மனப்பாடமாகவே பாட வேண்டுமா?

கேட்டவர் ஒரு சிறிய குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறார். குழுவின் கையில் நாற்பது பாடல்கள் வரை இருக்கின்றன. வரிகளையும் கார்டுகளையும் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அச்செடுத்து, தாள் வைக்கும் ஸ்டாண்டில் வைத்துத்தான் பாடுவது அவர் வழக்கம். ஸ்டாண்டோடு மேடையேறுவது தயாராகாமல் வந்த மாதிரி தெரிகிறது என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். இவர் ஸ்டாண்ட் இல்லாமலும் முயன்று பார்த்திருக்கிறார். முதல் சரணம் வந்துவிடுகிறது, இரண்டாவதில் வரிகள் குழம்புகின்றன. என்ன செய்வது என்பது கேள்வி.

ஸ்டாண்ட் வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதை எடுத்ததும் இரண்டாவது சரணம் குழம்புகிறது என்றால், அந்தப் பாட்டு உங்களுக்கு இன்னும் முழுதாகப் பாடமாகவில்லை. ஸ்டாண்ட் இருக்கும்வரை அது வெளியே தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். பார்க்காமலே பாட முடிந்தவர் ஸ்டாண்டை வைத்துக்கொண்டால் அது துணை. பார்க்காமல் பாட வராதவருக்கு அதே ஸ்டாண்ட் கண்ணைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர்கள் அந்த வித்தியாசத்தை ஒரு பாட்டுக்குள் உணர்ந்துவிடுவார்கள். உங்கள் நண்பருக்கு உறுத்துவதும் அநேகமாக அந்தக் கண்தான்.

மனப்பாடமாக வாசிப்பவர்தான் முழுக் கலைஞர் என்ற எண்ணம் மிகப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். மேற்கத்திய இசையில் அதற்கு வயது இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. 1837-இல் பெர்லினில் பதினேழு வயது கிளாரா வீக் (பின்னாளில் கிளாரா ஷூமன்) தாள் இல்லாமல் பியானோ வாசித்தபோது, அதைத் தற்பெருமை என்று எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் கண்டித்தார். இன்னொருவர் எழுதிய இசையைத் தாள் இல்லாமல் வாசிப்பது, அதைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வது போல அன்றைக்குப் பட்டது. கிளாராவும் இன்னொரு பியானோ கலைஞரான ஃபிரான்ஸ் லிஸ்டும் அதையே தொடர்ந்து செய்துவர, இரண்டு மூன்று தலைமுறைக்குள் நிலைமை தலைகீழானது. தாள் வைத்து வாசித்த தனிக் கலைஞரை ஏளனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த வழக்கம் வேரூன்றிய பிறகும் பெரிய கலைஞர்கள் அதற்குக் கட்டுப்பட்டே இருக்கவில்லை. பியானோ கலைஞர் ஸ்வியாடொஸ்லாவ் ரிக்டர் 1980-களில், அரங்கை இருட்டாக்கிவிட்டு, தாளின்மேல் ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவிட்டு வாசித்தார். தாளைப் பார்த்து வாசிப்பதே எழுதியவருக்கு நேர்மையாக இருப்பது என்று அவர் கருதினார். எதிர்ப்பக்கம் இசைக்குழு நடத்துநர் ஆர்ட்டுரோ டொஸ்கானினி. 1886-இல் ரியோ டி ஜெனிரோவில், செல்லோ வாசிக்க வந்திருந்த பத்தொன்பது வயதுப் பையனாக, திடீரென்று ஒரு முழு ஓபராவை மனப்பாடமாக நடத்தினார். வாழ்நாள் முழுவதும் தாள் இல்லாமலே நடத்தியதற்கு அவருடைய கிட்டப்பார்வையும் ஒரு காரணம். எதிரே திறந்து வைத்திருந்தாலும் அந்தத் தூரத்தில் அவருக்கு எழுத்து தெரிந்திருக்காது. ஒருவர் தாள் வைத்துக்கொள்வதற்கும் வைக்காததற்கும் உடலும் வயதும்கூடக் காரணமாக இருக்கும் என்பதால்தான், இதை ஒழுக்கப் பிரச்சினை போலப் பேசுவது எனக்கு ஒப்பாது.

இனி உங்கள் இரண்டாவது சரணத்துக்கு வருகிறேன். அங்கே குழம்புவது உங்கள் தனிப்பட்ட பலவீனம் அல்ல. பாட்டின் அமைப்பே அப்படி. சரணங்களுக்கு மெட்டு ஒன்று, வரிகள் வேறு வேறு. பாடும்போது வரிகளை இழுத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் மெட்டுதான். ஒரே மெட்டு மூன்று வெவ்வேறு வரிகளுக்குக் கதவாக இருந்தால், எந்த வரி முதலில் வந்து நிற்கும்? அதிகம் பாடிய வரி. பாட்டை எப்போதும் தொடக்கத்திலிருந்தே பழகுகிறோம், பாதியில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். அதனால் முதல் சரணம் எல்லாவற்றையும்விட அதிகம் பாடப்பட்டிருக்கும். இரண்டாவது சரணத்தின் இடத்தில் முதல் சரணம் வந்து உட்கார்ந்துகொள்வதற்கு வேறு மர்மம் இல்லை.

இசைக் கலைஞரின் நினைவு ஒரே சரக்கும் அல்ல. விரல்களுக்கு ஒரு நினைவு, காதுக்கு ஒன்று, தாளின் தோற்றம் கண்ணில் தங்குவது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, ‘இங்கே சுருதி மாறுகிறது, இங்கே பல்லவி இரண்டு முறை வருகிறது’ என்று தெரிந்து வைத்திருக்கும் அறிவு ஒன்று. விரல் நினைவு வலிமையானது. ஆனால் அது சங்கிலி மாதிரி, ஒரு வளையம்தான் அடுத்த வளையத்தை இழுக்கும். நடுவில் அறுந்தால் நடுவிலிருந்து தொடங்கத் தெரியாது. வீட்டில் சரளமாக வாசித்தவர் மேடையில் ஒரே ஒரு இடறலில் முழுதும் தொலைந்து நிற்பது இதனால்தான். பதற்றத்தில் ‘என் விரல் இப்போது எங்கே போகிறது?’ என்று கவனிக்கத் தொடங்கினால் இன்னும் மோசம். தானாக ஓடிக்கொண்டிருந்த கை அந்தக் கவனத்தாலேயே தடுமாறும்.

எனவே பாட்டுக்குள் நுழைய ஒரே வாசல் இருந்தால் போதாது. ராஜர் சாஃபின் என்ற உளவியலாளர், பியானோ கலைஞர் கேப்ரியேலா இம்ரே, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் ‘இத்தாலியன் கான்செர்ட்டோ’ என்ற படைப்பின் கடைசிப் பகுதியைப் பாடமாக்கியதைத் தொடக்கத்திலிருந்து பதிவுசெய்து ஆராய்ந்தார். இம்ரே இசை நெடுகச் சில இடங்களைத் தெரிந்தே குறித்து வைத்துக்கொண்டார்: ஒரு பகுதி தொடங்கும் இடம், உணர்ச்சி மாறும் இடம், விரல் சிக்கும் இடம். வாசிக்கும்போது அவர் மனம் அந்த இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, வாசிக்காமல் விட்டிருந்த அந்த இசையை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, பகுதிகளின் தொடக்கங்களே நன்றாக எஞ்சியிருந்தன. இடையில் உள்ளவை மங்கினாலும் வாசல்கள் மங்கவில்லை.

ஹெல்முட் வால்கா கதை இதைவிட ஆழமானது. பத்தொன்பது வயதில் பார்வையை இழந்த ஜெர்மன் ஆர்கன் கலைஞர் அவர். பாஹின் ஆர்கன் இசை முழுவதையும் நினைவில் வைத்திருந்து இரண்டு முறை ஒலிப்பதிவு செய்தார். பாஹின் இசையில் பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் போகும். வால்கா ஒவ்வொரு குரலையும் தனித்தனியே ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாடமாக்கி, பிறகு மனத்துக்குள் சேர்த்துக்கொள்வார். மேலிருந்து கீழ்வரை மொத்தமாக ஓட்டி ஓட்டி அவர் பாடமாக்கவில்லை, பிரித்துக் கற்றுக் கோத்தார். பாடிக்கொண்டே வாசிக்கும் உங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். வரிகளை ஒருநாள் தனியாக, கார்டு வரிசையை ஒருநாள் தனியாக, பாட்டின் வரைபடத்தை (முன்னிசை, பல்லவி, சரணம், இடையிசை, எத்தனை சுற்று, முடிவு எப்படி) ஒருநாள் தனியாகப் பிடியுங்கள். மூன்றும் தனித்தனியே நிற்கும்போது ஒன்று தடுமாறினால் மற்ற இரண்டும் தாங்கும்.

வரிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். முதலில் மெட்டு இல்லாமல், பேசுவதுபோலச் சொல்லுங்கள். மெட்டை விலக்கியதும் எந்த வரி உண்மையில் தெரியாது என்பது உடனே வெளிப்பட்டுவிடும். அடுத்து, ஒவ்வொரு சரணத்திலும் என்ன நடக்கிறது என்பதை உங்கள் சொல்லில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் சரணத்தில் அவள் போகிறாள், இரண்டாவதில் கடிதம் வருகிறது, மூன்றாவதில் இவன் தனியே நடக்கிறான் என்று ஒரு போக்கு கிடைத்துவிட்டால், எந்தக் கதவைத் திறக்கிறோம் என்ற குழப்பம் இருக்காது. அப்படிக் கதை ஏதும் இல்லாத பாட்டும் உண்டு, வெறும் வர்ணனையாக அடுக்கிக்கொண்டு போகும். அங்கே ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லையும் ஒரு வரிசையாகப் பாடமாக்குங்கள்.

பழகும்போது கடைசிச் சரணத்திலிருந்து தொடங்குங்கள். அதைப் பிடித்த பிறகு அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது. இப்படிச் செய்தால் மேடையில் பாட்டு முன்னேற முன்னேற உங்களுக்குப் பழகிய நிலம் வரும். வழக்கமான முறையில் நேர்மாறாக, போகப் போகத் தெரியாத இடத்துக்குள் நுழைகிறீர்கள். இதை ஒரு மாதம் செய்துபாருங்கள் என்று கெஞ்சிக்கூடக் கேட்பேன், அவ்வளவு பலன் உண்டு.

இன்னொன்று. தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்பது பாடமாவது போன்ற ஓர் உணர்வைத் தரும், அதை நம்ப வேண்டாம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். பாட்டுக்கும் இதுவே வழி. தாளைக் கவிழ்த்து வைத்துப் பாடுங்கள். வரி வரவில்லையா, உடனே திருப்பிப் பார்க்காமல் கொஞ்சம் திணறுங்கள். திணறித் தேடிக் கண்டெடுத்த வரி தங்கும். ஒரே நாளில் இருபது முறை பாடுவதைவிட, நாளொன்றுக்கு நான்கு முறையாக ஐந்து நாள் பாடுவது மேல். இடையில் தூங்கி எழுவதும் பயிற்சியில் சேர்த்திதான். நின்றுகொண்டு பாடுங்கள், வேறு அறையில் பாடுங்கள், நடக்கும்போது பாடுங்கள். உட்கார்ந்த இடத்தில் மட்டும் வரும் பாட்டை மேடைக்கு நம்பிக் கொண்டுபோக முடியாது.

இவ்வளவும் செய்த பிறகு ஸ்டாண்ட் எதற்கு என்று கேட்கலாம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் என் பார்வையில் முக்கியம். 1803 ஏப்ரலில் வியன்னாவில் பீத்தோவன் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை (தனிக் கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதன்முறை வாசித்தபோது, பக்கம் திருப்ப உட்கார்ந்தவர் இக்னாஸ் ஃபான் செய்ஃப்ரீட். தாளைப் பார்த்தால் பக்கங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. அங்கங்கே பீத்தோவனுக்கு மட்டுமே புரியும் சில கிறுக்கல்கள். முழுதாக எழுத நேரம் கிடைக்கவில்லை, பகுதியை நினைவிலிருந்தே வாசித்தார், ஒரு பக்கம் முடியும்போது செய்ஃப்ரீடுக்குத் தலையசைத்தார். அவருக்கு அது நெருக்கடியில் நேர்ந்தது. ஆனால் மேடையில் இருக்க வேண்டிய தாள் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

முழு வரிகள் எதிரே இருந்தால் கண் அவற்றை வாசிக்காமல் இருக்காது. எழுத்து தெரிந்தால் படிப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. படிக்கத் தொடங்கிய நொடியில் நீங்கள் பாட்டுக்குச் சற்றுப் பின்னால் போய்விடுகிறீர்கள். சொல்வதற்குப் பதில் வாசித்துக் காட்டுகிறீர்கள். அதனால் தாளைப் படிப்படியாக மெலிய வையுங்கள். முதல் வாரம் முழு வரிகள். அடுத்து ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு சொல். அதன்பின் ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல், சுருதி, வேகம், இடையிசை எத்தனை சுற்று என்பவை மட்டும். கடைசியில் ஒரு பாட்டுக்கு மூன்று வரி போதும் என்று ஆகும்போது, ஒரே தாளில் எட்டுப் பத்துப் பாடல்கள் அடங்கிவிடும். பக்கம் திருப்பும் வேலையும் போகும்.

கார்டுகளுக்கும் இதே சுருக்கம் உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பாடகர் நீல் மேத்யூஸ், கார்டுகளின் பெயருக்குப் பதில் சுருதியிலிருந்து எத்தனையாவது என்று எண்ணை மட்டும் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அங்குள்ள ஒலிப்பதிவுக் கலைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முழுப் பாட்டு கையகலத் தாளில் அடங்கும். பாடகருக்குத் தொண்டை சரியில்லை, அரைச் சுரம் இறக்குங்கள் என்றாலும் தாளை மாற்ற வேண்டாம். அதைவிட, எண்ணாக எழுதிப் பழகியவருக்குப் பாட்டின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். அது தெரிந்தால் பாதி மனப்பாடம் தானாக முடிந்த மாதிரி.

எழுத்தில் எவ்வளவு அடங்கும் என்பதும் இசைக்கு இசை மாறும். கர்நாடக இசையில் சுரக்குறிப்பு பாட்டின் கோட்டுருவத்தைத்தான் தரும். 1904-இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட பெருந்தொகுப்பு கமகங்களுக்கும் (சுரங்களை அசைத்தும் வளைத்தும் பாடுவது) தனிக் குறிகள் கொடுத்தது. அப்படியும், காதால் கேட்டுப் படியாத ஒருவர் அதைப் பார்த்து அப்படியே பாடிவிட முடியாது. சிம்பனி இசைக்குழு வேறு எல்லை. வாரத்துக்கு ஒரு புது நிகழ்ச்சி, ஒத்திகையோ சில நாள்தான், எழுபது எண்பது சுற்று சும்மா இருந்துவிட்டுச் சரியான இடத்தில் நுழைய வேண்டிய வாத்தியங்கள். அங்கே ஸ்டாண்ட் இல்லாமல் வேலை நடக்காது. லண்டனின் அரோரா ஆர்கெஸ்ட்ரா 2014-இல் மொஸார்ட்டின் நாற்பதாவது சிம்பனியை முழுதும் மனப்பாடமாக, ஸ்டாண்ட் ஒன்றுகூட இல்லாமல் வாசித்தது. வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பதன் அழகு அதில் தெரிகிறது. ஆனால் அது ஒரே படைப்புக்காகத் தனியே பாடுபட்டுச் செய்தது. நேற்று அழைக்கப்பட்டு இன்று வேறொரு குழுவில் மாற்றாளாக உட்காருபவரிடம் மனப்பாடம் கேட்பது நியாயமே இல்லை, அவர் தயங்காமல் தாள் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்ட் வைப்பதானால் சரியாக வையுங்கள். முகத்துக்கும் கேட்பவருக்கும் நடுவே நிற்கக் கூடாது. மைக்குக்கு ஒரு பக்கமாக, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, மேற்பலகை ஏறக்குறையப் படுத்த நிலையில். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்க முடிய வேண்டும். பெரிய தகட்டு ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தால் பார்வையை மறைப்பதோடு ஒலியையும் மறைக்கும். ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகளின் வாய் ஸ்டாண்டை நோக்கி இருந்தால் பாதி ஒலி தகட்டில்தான் போய் மோதும். எழுத்தை நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்க்காமல் தெரியும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் தாளை வைத்தால் மேடை விளக்கு பட்டு வெறும் வெள்ளையாகத் தெரியும். விளக்குகள் அணைந்து அணைந்து எரியும் மேடை என்றால் ஸ்டாண்டில் மாட்டும் சிறு எல்.இ.டி. விளக்கு கட்டாயம். திறந்தவெளியில் காற்றுக்கு நான்கு கிளிப், ஸ்டாண்டின் காலுக்கு ஒரு பாரம்.

டேப்லட் வசதியானதுதான். ஆனால் தாளுக்கு இல்லாத சில ஆபத்துகள் அதற்கு உண்டு. திரை தானாக அணையும் அமைப்பை நிறுத்துங்கள். அழைப்பும் அறிவிப்பும் வராமல் செய்யுங்கள். ஃப்ளைட் மோடில் போட்ட பிறகு, பக்கம் திருப்பும் கால் பெடலுக்காகப் புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள், பலர் இந்த இடத்தில் கோட்டைவிடுகிறார்கள். கடும் வெயிலில் கருவி சூடேறித் திரை மங்கலாம், அணைந்தும் போகலாம். எனவே மெலிந்த அந்த ஒற்றைத் தாள் பையில் இருக்கட்டும். திரை ஒளியையும் குறைத்து வையுங்கள், இருண்ட மேடையில் உங்கள் முகத்தைக் கீழிருந்து நீலமாகக் காட்டும்.

மறந்தே போனால்? 2016-இல் ஸ்டாக்ஹோமில் நோபல் விழா மேடையில் அமெரிக்கப் பாடகி பாட்டி ஸ்மித், இளம் வயதிலிருந்து நேசித்த ஒரு பாட்டின் நடுவே நின்றுவிட்டார். பதற்றமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை மறுபடி தொடங்கச் சொன்னார், அரங்கம் கைதட்டியது. வரிகள் மறந்துபோகவில்லை, அவற்றை வெளியே எடுக்கத்தான் முடியவில்லை என்று பிறகு எழுதினார். 1960-இல் பெர்லினில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் வரிகள் விட்டுப்போயின. அவர் நிறுத்தவே இல்லை. மறந்துவிட்டதையே வரியாகக் கட்டி, தாளம் பிசகாமல் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் பியானோ கலைஞர் மரியா ஜொவா பிரெஸ் வேறொரு கான்செர்ட்டோவைத் தயார்செய்து வந்து உட்கார்ந்திருக்க, ஆர்கெஸ்ட்ரா மொஸார்ட்டின் இன்னொரு கான்செர்ட்டோவைத் தொடங்கியது. முன்னிசை ஓடிய அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அவர் அதை நினைவில் மீட்டு, தன் இடம் வந்ததும் வாசித்தார். பல ஆண்டுகளாக உள்ளே இறங்கியிருந்த இசை என்பதால் அது முடிந்தது.

உங்கள் குழுவில் இதை முன்கூட்டியே பேசிவையுங்கள். வரி வராவிட்டால் முதல் சரணத்தையே மறுபடி பாடிவிடுங்கள், கேட்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். அதுவும் வராவிட்டால் இன்னொரு கிட்டார்காரர் அல்லது கீபோர்டுக்காரர் பக்கம் ஒரு தலையசைப்பு, அவர் எட்டுச் சுற்று வாசிக்கட்டும், அதற்குள் வரி வந்துவிடும். டிரம்ஸும் பேஸும் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை ஒத்திகையில் வேண்டுமென்றே ஒரு பாட்டை உடைத்துப் பழகிப் பாருங்கள். இப்படிப் பழகிய குழுவில் மறதி குறைவதையே பார்த்திருக்கிறேன், விழுந்தால் பிடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் பயம் விலகிவிடுகிறது.

நாற்பது பாடல்களையும் ஒரே மாதத்தில் பார்க்காமல் பாட வேண்டும் என்று எண்ணாதீர்கள். அடுத்த நிகழ்ச்சிக்குத் தொடக்கப் பாட்டு, கடைசிப் பாட்டு, நடுவில் மிக மெதுவான ஒன்று, இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்றால் பிறகு நீங்கள் எப்போதாவது தாளைப் பார்ப்பது அவர்களுக்கு உறுத்தாது. மெதுவான பாட்டைச் சொல்வதற்குக் காரணம், அதில்தான் கேட்பவரின் கண் பாடுபவரின் கண்ணைத் தேடும். அந்த மூன்றும் நின்றபின் மாதம் நான்கைந்து பாடல் சேருங்கள். புதிதாகச் சேர்ந்த பாட்டும், மூன்று மாதம் பாடாமல் கிடந்த பாட்டும் எப்போதும் தாளில் இருக்கலாம். இந்தத் திட்டத்தை உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள், ஒத்திகையில் எதிரே நின்று உங்கள் கண் எப்போதெல்லாம் கீழே போகிறது என்று அவரே குறித்துத் தரட்டும். அந்தக் குறிப்பில் எந்த வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவோ அவற்றிலிருந்து மறுநாள் பயிற்சியைத் தொடங்குங்கள்.